கலைக்களஞ்சியத்தின் வாசலில் ஒரு வாசிகசாலை

எமது கிராமத்து வாசிகசாலையின் பவளவிழாவை ஒட்டி ஊர் இளைஞர் சிலர் அதனைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதித் தமிழ் விக்கிப்பீடியாவிற் சேர்த்தனர். சில நாட்களுள் அக்கட்டுரையின் தலையில் ஓர் அறிவித்தல் ஏறியது. இப்பொருளின் குறிப்பிடத்தக்கமைக்குச் சான்று வேண்டும், சான்று தரப்படாவிடின் கட்டுரை நீக்கப்படலாம் என்பது அதன் சாரம். இளைஞர்கள் கொதித்தெழுந்தனர். ஒருகாலத்தில் அவர்களுக்குத் தமிழ் படிப்பித்தவன் என்ற உரிமையில் என்னிடம் வந்து, "சேர், எங்கடை வாசிகசாலை குறிப்பிடத்தக்கதில்லையாம். நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ" என்றனர்.

கடிதம் எழுதுமுன் அவர்களிடமிருந்த சான்றுகளைப் பார்க்க விரும்பினேன். பவளவிழா மலர் ஒன்றே இருந்தது. அதனை அன்றிரவே படித்து முடித்தேன். படித்து முடித்தபொழுது, கலைக்களஞ்சியக்காரர் கேட்ட கேள்வி நியாயமானதே என்ற முடிவுக்கு வந்திருந்தேன். ஆயினும் அந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்ற ஐயமும் கூடவே பிறந்தது. இரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்வது முற்போக்கு எண்ணமுடையோர் அனைவருக்கும் பயன்படும் என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலத்தில் தோன்றியது. தமிழில் அது 2003இல் தொடங்கியது. தொடக்க காலத்தில் அதற்கென முன்னின்று உழைத்தவர் எம்மவரான இ. மயூரநாதன் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். ஊதியம் பெறாத தொண்டர்களால் எழுதப்படுவது அக்களஞ்சியம். யாரும் எழுதலாம் என்பது அதன் அடிப்படை. யாரும் எழுதலாம் எனில் எதனைப் பற்றியும் எழுதலாமா? இக்கேள்விக்கு விடையாக எழுந்ததே குறிப்பிடத்தக்கமை என்னும் அளவுகோல். ஆங்கிலப் பதிப்பிலேயே அது மிக விரிவாக வகுக்கப்பட்டுள்ளது. ஒரு பொருளோடு தொடர்பற்றவர்கள், நம்பத்தகுந்த வெளியீடுகளில், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை, அப்பொருளை விரிவாக எடுத்துப் பேசியிருத்தல் வேண்டும். போகிறபோக்கிற் பெயரைச் சுட்டியிருந்தாற் போதாது. ஓர் அமைப்புத் தானே வெளியிட்ட மலரும் அறிக்கையும் துண்டுப்பிரசுரமும் அதன் குறிப்பிடத்தக்கமைக்குக் கணக்கில் எடுக்கப்படமாட்டா. அமைப்புகளைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் உண்டு. உள்ளூர்ப் பத்திரிகை மட்டும் எழுதியிருந்தாற் பயனில்லை. ஒரு மாகாணமோ நாடோ வாசிக்கும் வெளியீடு ஒன்றாவது எழுதியிருத்தல் வேண்டும். வியாபார நிறுவனங்கள் கலைக்களஞ்சியத்தை விளம்பரப் பலகையாக்க முற்பட்டதன் விளைவாக 2018இல் இவ்விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. ஐயத்துக்குரிய கட்டுரை பெரும்பாலும் ஏழு நாள் விவாதத்துக்கு விடப்படும். அவ்விவாதத்தில் தலையெண்ணி முடிவு செய்வதில்லை. வாதத்தின் வலுவே கருதப்படும். ஊரார் ஐம்பதுபேர் திரண்டுபோய் 'வைத்திருங்கள்' என்று கூவினாலும் ஆவது ஒன்றுமில்லை.

இவ்விடத்தில் சொல்லைப் பற்றி ஒரு சொல். குறிப்பிடத்தக்கது என்பது தகுதியைச் சுட்டும் சொல். ஆனால் மேற்கூறிய விதிகள் எதனை அளக்கின்றன என்று பார்த்தால், ஒன்று குறிப்பிடப்பட்டதா என்பதையே அவை அளக்கின்றன. குறிப்பிடப்பட்டமை நடந்து முடிந்த செய்தி; குறிப்பிடத்தக்கமை ஒரு மதிப்பீடு. முன்னதை அளந்துவிட்டுப் பின்னதன் பெயரைச் சூட்டியதனாலேதான் எமது இளைஞர்களுக்கு அது வசைமொழியாகப் பட்டது. உங்கள் வாசிகசாலையைப் பற்றி வெளியார் எவரும் இதுவரை எழுதவில்லை என்று சொல்லியிருந்தால் அவர்கள் தலைகுனிந்து ஒப்புக்கொண்டிருப்பார்கள். அது உண்மை.

இனி, மலருக்கு வருவோம். நூறு பக்கத்துக்கு மேற்பட்ட மலர். எம்மூர்களில் வெளியாகும் மலர்களைக் கண்டவர்களுக்கு அதன் அமைப்பை விவரிக்க வேண்டியதில்லை. முதல் நாற்பது பக்கங்கள் ஆசிச்செய்திகளுக்கும் வாழ்த்துரைகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. கோயிற் குருக்கள், அரசாங்க அதிபர், பிரதேச செயலாளர், பாடசாலை அதிபர் ஆகியோர் வரிசையாக வாழ்த்தியிருந்தனர். ஏறத்தாழ எல்லாரும் ஒரே வாசகத்தையே எழுதியிருந்தனர். ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் கொடையாளரின் வண்ணப் படங்கள் அதற்கப்பால். நடுவில் நான்கு பக்கங்களில் வரலாறு. அந்நான்கு பக்கங்களில், வாசிகசாலை ஊர்மக்கள் அனைவரதும் அறிவுப்பசியைத் தீர்த்து வந்தது என்ற வாக்கியம் இருமுறை வருகின்றது.

அனைவரதும் என்ற அச்சொல்லில் என் கண் நின்றுவிட்டது. 1960ஆம் ஆண்டளவில் நான் சிறுவனாக அவ்வாசிகசாலைக்குப் போய் வந்தவன். அங்கே இரண்டு வாங்குகள் இருந்தன. அவற்றில் யார் அமரலாம் என்பதற்கு எழுதப்பட்ட விதி எதுவுமில்லை. எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஊரின் கிழக்கு ஓரத்திலே சீவல் தொழில் செய்து வாழ்ந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் விறாந்தைக்கு வெளியே வேலியோரம் நிற்பர். உள்ளிருப்பவர் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசித்தால் கேட்பர். வாசிப்பதும் வாசியாது விடுவதும் அவருடைய மனநிலையைப் பொறுத்தது. 1957ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. அச்செய்தியையும் அந்த வாங்கில் இருந்தபடியே யாரோ வாசித்திருப்பார்கள். நான் வாங்கிலிருந்த பக்கத்தவன் என்பதையும் இங்கு மறையாது சொல்லவேண்டும்.

ஒரு குழு தன்னைப் பற்றித் தானே எழுதுவது சான்றாகாது என்ற விதியின் ஆழமான நியாயம் இதுவே. பலர் அதனைச் சிறியோரைப் புறக்கணிக்கும் மேட்டுக்குடி மனப்பான்மை என்று எளிதாகத் தள்ளிவிடுகின்றனர். தொண்டர்கள் எழுதும் மக்கட் களஞ்சியத்தில் மக்களின் சிறு அமைப்புகளுக்கு ஏன் இடமில்லை என்று கேட்பது கேட்க இனிமையானதே. ஆனால் எந்த மக்கள்? சிறிய அமைப்பு என்ற காரணத்தால் ஓர் அமைப்பு மக்கள் அமைப்பாகிவிடாது. கிராமத்துச் சங்கம் ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு சிறு அதிகாரத்தை வைத்திருக்கிறது. மலரே சான்று என்று ஒப்புக்கொண்டால், வாங்கிலிருந்தவர்கள் எழுதியதே வரலாறாகும். வேலியோரம் நின்றவர்கள் எழுபத்தைந்து ஆண்டுகளின் பின் இரண்டாந் தடவையும் வெளியே நிறுத்தப்படுவர். இம்முறை உலகம் முழுவதும் பார்க்கத்தக்க ஓரிடத்தில். வெளியார் சாட்சி வேண்டும் என்று கலைக்களஞ்சியக்காரர் கேட்டது, அவர் அறியாமலே, வேலிக்கு வெளியே நின்றவர்களின் சார்பில் எழுப்பிய கேள்வியாயிற்று.

இதுவரை விதியின் பக்கம் நின்று பேசினேன். ஆனால் கதை இங்கே முடியவில்லை. அவ்வாறு நின்றவர்கள் 1967ஆம் ஆண்டளவில் தமக்கென ஒரு கொட்டில் போட்டுக்கொண்டனர். கிடுகு வேய்ந்த கொட்டில். பகலில் அதில் எவரும் இரார். இரவிலே அரிக்கன் லாம்பை வைத்துப் படிப்பார்கள். படிப்பித்தவர் பக்கத்து ஊர்ப் பாடசாலை ஆசிரியர் ஒருவர். பத்திரிகை ஒருநாள் பிந்தி வரும். சில ஆண்டுகளே அது நடந்தது. அதற்கு மலரில்லை, ஆசிச்செய்தியில்லை, ஒரு புகைப்படம்கூட இல்லை. அவ்வூரிலே குறிப்பிடத்தக்கது என்று நான் ஒன்றைத் தேர்வதாயின் அக்கொட்டிலையே தேர்வேன். குறிப்பிடப்பட்டமை என்ற அளவுகோலை வைத்தாலோ, வாசிகசாலையாவது வாசல்வரை வந்து திருப்பி அனுப்பப்படுகின்றது. கொட்டில் வாசலுக்கே வர இயலாது. ஒரே விதி இருவர்மீதும் சமமாகப் பாய்கின்றது. சமமற்றவர்கள்மீது சமமாகப் பாயும் விதியின் விளைவு சமமாக இருப்பதில்லை என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சான்று வானத்திலிருந்து விழுவதன்று. அச்சுக்கூடம் யாருடையது, கடதாசி வாங்கப் பணம் யாரிடம் இருந்தது, பத்திரிகை நிருபர் ஊருக்கு வந்தால் யார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்தினார் என்பனவெல்லாம் சேர்ந்தே எது எழுதப்படும் என்பதைத் தீர்மானித்தன. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் வெளியிட்ட அபிதானகோசம் எமது முன்னோடிக் களஞ்சியம். அதற்காக அவருக்குத் தலைவணங்குவோம். ஆனால் அதன் பக்கங்களை நிறைத்தவை புராண இதிகாசப் பெயர்களும் புலவர், அரசர் பெயர்களுமே. அதனைத் தொகுத்த காலத்தில் அவருக்குக் கிடைத்த ஏடுகள் அத்தகையன.

களஞ்சியங்களெல்லாம் இப்படித்தான் என்றும் சொல்லமுடியாது. பிரான்சிலே திதரோவும் தலாம்பேரும் 1751ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்ட பெருங்களஞ்சியத்தை எண்ணிப்பாருங்கள். திதரோ ஒரு கத்தி செய்யும் கைவினைஞனின் மகன். அச்சில் இல்லாத தொழிலறிவைத் தேடி அவர் பட்டறைகளுக்குப் போனார். தொழிலாளரைக் கேள்வி கேட்டார். அவர்கள் சொல்லியதை எழுதினார். காலுறை நெய்யும் பொறி எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஆழ்ந்து கற்று விவரித்தார். பதினேழு தொகுதி எழுத்தோடு பதினொரு தொகுதிப் படங்களும் வந்தன. 1759இல் அரசு அதன் அனுமதியை இரத்துச் செய்தமைக்குச் சமயக் கருத்துக்களே முதற்காரணம் என்பர். ஆயினும் உழைப்பவனின் கருவியையும் அரசனின் முடியையும் ஒரே அகரவரிசையில் வைத்த துணிவு சிறிதன்று. இன்றைய விக்கிப்பீடியாவில் திதரோ எழுத வந்தால் என்ன நடக்கும்? பட்டறையிற் கேட்டதை எழுதுவது சொந்த ஆய்வு; சொந்த ஆய்வுக்கு இடமில்லை என்று கட்டுரையைத் திருப்பிவிடுவர். களஞ்சியங்களின் தந்தை தம் பிள்ளையின் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இக்குறையை விக்கிப்பீடியாவினுள் இருப்பவர்களும் உணராமலில்லை. 2011ஆம் ஆண்டில் அச்சல் பிரபாலா என்ற இந்தியர் ஒரு முயற்சியை மேற்கொண்டார். அச்சில் ஏறாத அறிவை ஒலிப்பதிவு செய்து, அப்பதிவையே கட்டுரைக்குச் சான்றாக வைக்கலாமா என்று இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் பரீட்சித்துப் பார்த்தார். அப்போது பேசப்பட்டவற்றுள் ஒன்று கேரளச் சிறுவர் ஆடும் டப்பா களி என்ற விளையாட்டு. இலட்சக்கணக்கானோர் ஆடி வளர்ந்த விளையாட்டுக்கு அச்சிலே சான்று தேடினால் அகப்படவில்லை. ஆடியவர்கள் உயிரோடிருக்க, ஆட்டம் இல்லை என்று முடிவு செய்வதா? கேள்வி எழுந்தது, விதி பெரிதாக அசையவில்லை. கிராமத்து ஆட்டம் மட்டுமா? கனடாவின் பௌதிக விஞ்ஞானி டொனா ஸ்ரிக்லண்ட் பற்றிய வரைவு 2018 மே மாதத்தில், சான்று போதாது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் மறுக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அன்றே கட்டுரை வந்துவிட்டது. மே மாதத்துக்கும் ஒக்டோபருக்கும் இடையில் அவருடைய விஞ்ஞானம் மாறவில்லை. பரிசுக்குரிய ஆய்வு 1985இல் வெளியானது. மாறியது உலகத்தின் பார்வை.

எமது நாட்டு நிலைமைக்கு இன்னொரு முகம் உண்டு. இங்கே சான்று இல்லை என்பதற்கும் எரிக்கப்பட்டது என்பதற்கும் வேறுபாடு உண்டு. 1959 முதல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த ஈழநாடு போன்ற ஒரு பத்திரிகையிலேதான் கிராமத்துச் சங்கங்களின் செய்திகள் வரக்கூடும். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்நாட்களிலேயே ஈழநாடு காரியாலயமும் எரிந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்கள் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது சங்கக் கூட்ட அறிக்கைக் கொப்பிகளை யார் தலையிற் சுமந்தார்கள்? குழந்தைகளைச் சுமக்கவே கையில்லை. இந்த வரலாற்றை அறியாத ஒருவர் சான்றில்லை என்று கூறும்பொழுது, எமக்கு அது வேறுவிதமாகக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் எரிந்ததைக் காரணங் காட்டியே எல்லாவற்றையும் ஏற்கும்படி கேட்பதும் தவறு. எரிந்தது யாழ்ப்பாணத்துப் பிரதி. கொழும்பிலே தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் மலர்களும் ஆயிரக்கணக்கிற் சேர்ந்துள்ளன. சான்று அச்சிலிருந்தாற் போதும். இணையத்தில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் விக்கிப்பீடியாவிலும் இல்லை. தேடாமலே இல்லை என்று சொல்லும் சோம்பல் இரு பக்கத்திலும் உண்டு.

தேடுவோர் ஓர் உண்மையைக் கண்டுகொள்வர். வெளியார் சாட்சி நட்புச் சாட்சியாக இருக்கவேண்டும் என்பதில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டமும் இன்று எவராலும் மறுக்கப்படமுடியாத வரலாறு. அமெரிக்க மானிடவியலாளர் பிரையன் பஃபன்பேர்கர் 1990இல் மாவிட்டபுரத்தைப் பற்றி ஆய்வுக்கட்டுரையே எழுதினார். ஆனால் அன்று அச்செய்தி நாடெங்கும் பரவியமைக்கு ஒரு காரணத்தை நாம் மனக்கசப்போடு ஒப்புக்கொள்ள வேண்டும். கோயில் வாசலில் மறித்து நின்றவர்களுள் ஒருவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். உள்ளே போக வந்தவர்கள் பெயரறியப்படாதவர்கள், மறித்தவர் பெயர்பெற்றவர். மறித்தவரின் பெயரால் வந்தவர்களின் போராட்டமும் பதிவாயிற்று. குறிப்பிடப்பட்டமையின் விசித்திரம் அது. எம்மூர்க் கொட்டிலை எதிர்த்து யாராவது பெரிய மனிதர் ஒரு வழக்காவது போட்டிருந்தால், நீதிமன்றப் பதிவிலாவது அது நிலைத்திருக்கும். எவரும் போடவில்லை.

இங்கேதான் இலக்கியம் வருகின்றது. கே. டானியலின் பஞ்சமர் 1972இல் வெளியானது. அக்காலப் போராட்டங்களின் வாழ்வை அதனைவிட நெருக்கமாகக் காட்டும் எழுத்து அரிது. கலைக்களஞ்சியத்தில் ஒரு நாவலை நிகழ்ச்சிக்குச் சான்றாக வைக்கமுடியாது. அதுவும் நியாயமே, நாவலாசிரியன் ஊர்களையும் மனிதர்களையும் கலந்து படைப்பவன். ஆனால் அந்நாவலைப் பற்றிய விமரிசனம் சான்றாகும். எந்த அத்தியாயம் எந்தச் சங்கத்தின் அனுபவத்திலிருந்து பிறந்தது, எந்தத் தேநீர்க்கடை, எந்தக் கிணறு என்று இடமும் ஆண்டும் காட்டி ஒரு விமரிசகன் எழுதினால், பெயரற்ற சிறு குழுக்கள் பல வெளிச்சத்துக்கு வரும். எமது விமரிசகர்கள், நான் உட்பட, உருவம், உள்ளடக்கம் என்று ஏராளமாக எழுதினோம். இவ்வேலையிற் கைவைக்கப் பெரும்பாலும் மறந்தோம்.

டொமினிக் ஜீவா 1966 ஓகஸ்டில் மல்லிகையைத் தொடங்கியபோது அது ஒரு சலூனைச் சுற்றி இயங்கிய சிறு நட்பு வட்டத்தின் காரியம். அவ்வாண்டில் அதனைக் களஞ்சியத்திற் சேர்க்க எந்த விதியும் இடந்தந்திராது. நானூறு இதழ்களை அடைந்த சஞ்சிகையாக இன்று அதற்கு இடம் கேட்க வேண்டியதில்லை. இதனைக் காட்டி, பொறுத்திருங்கள், தகுதியுள்ளது தானே மேலே வரும் என்று சொல்வோர் உளர். மல்லிகை அச்சிடும் அமைப்பு. தன் சான்றைத் தானே மாதாமாதம் பெருக்கி, பிறரையும் தன்னைப் பற்றி எழுதச் செய்தது. இரவுப்பள்ளிக்கூடம் எதனை அச்சிடும்? பொறுத்திருந்தால் அதன் மாணவர்கள் இறந்துபோவார்கள், அவ்வளவுதான்.

ஆகவே இளைஞர்களுக்கு நான் கடிதம் எழுதிக் கொடுக்கவில்லை. வாசிகசாலைக்குத் தனிக் கட்டுரை வேண்டாம், கிராமத்தைப் பற்றிய கட்டுரையில் மூன்று வரி எழுதுங்கள், கட்டடத் திறப்புவிழாச் செய்தி பழைய பத்திரிகையொன்றில் இருக்கக்கூடும், அதைத் தேடிச் சான்றாக வையுங்கள் என்றேன். அவர்களுக்கு இது பிடிக்கவில்லை. கொட்டிலைப் பற்றிச் சொன்னபோது வந்தவர்களுள் இருவரின் முகம் மாறியது. ஒருவன் அக்கொட்டிலிற் படித்தவரின் பேரன் என்பது எனக்கு அப்பொழுதுதான் தெரியவந்தது. அதற்கும் இன்றைக்குக் கட்டுரை எழுதமுடியாது என்பதைச் சொல்வது கடினமாகத்தான் இருந்தது. முடியாது என்பதை முடியாது என்றே சொன்னேன். ஆனால் அங்கு படித்தவர்களுள் மூவர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் சொல்லை ஒலிப்பதிவு செய்து, எழுத்திற் பெயர்த்து, ஊருக்கு வெளியேயுள்ள ஓர் ஆய்வாளரின் கையிற் கொடுத்து, அவர் பத்திரிகைகளோடும் பாடசாலைப் பதிவேடுகளோடும் ஒப்பிட்டு எழுதினால், கலைக்களஞ்சியம் அதற்குமேல் என்ன கேட்கமுடியும்?

இக்கட்டுரையையே சான்றாகக் காட்டலாமே என்று அவர்களில் ஒருவன் கேட்டான். கெட்டிக்காரன். ஊரின் பெயரை நான் இங்கு எழுதாதமைக்கு ஒரு காரணம் அதுவே. வாங்கிலிருந்தவன் கொட்டிலுக்கு வெளியார் சாட்சியாகவும் வேடம் போடக்கூடாது.

ஒலிப்பதிவு தொடங்கிவிட்டது. முதியவர் ஒருவர் இரண்டு மணித்தியாலம் பேசியிருக்கிறார். அதிற் பாதி, வேலியோரம் நின்று கேட்ட பத்திரிகைச் செய்திகளைப் பற்றியது. அப்பகுதியை எழுத்திற் பெயர்த்து வாசிகசாலைச் செயலாளரிடமும் ஒரு பிரதி கொடுத்தார்கள். அடுத்த மலரில் அதனைச் சேர்ப்பதா என்பதைச் செயற்குழுவில் வைத்துப் பேசுவதாக அவர் கூறியிருக்கின்றார்.